தையற்காரரைத் தள்ளிவிட்ட நாய்

ஊரில் பாதிப் பேருக்குப் பேண்ட் தைத்துக் கொடுத்த மனிதர், தன் பேண்ட்டுக்குள் கால் விடும்போது விழுந்தார் என்றால் வெளியே சொல்ல முடியுமா? அதனால் தையற்காரர் ஒரு நாயைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். கட்டிலோரம் ஒற்றைக் காலில் நின்றபடி மற்ற காலை நுழைத்தார். கட்டைவிரல் மடிப்பில் மாட்டிக்கொண்டது. தத்தித் தத்திக் குதித்துப் பார்த்தார். அலமாரி குறுக்கே வந்துவிட்டது. மணிக்கட்டில் விரிசல். மாவுக்கட்டோடு திரும்பும்போது எதிர்ப்பட்ட பழக்கடைக்காரரிடம், "நாய் துரத்திடுச்சுப்பா" என்றார். மனைவி மருந்துக்கடையில் நின்றிருந்ததால் அவள் காதில் அது விழவில்லை.

கட்டுப் பிரித்ததும் டாக்டர், வயதானவர்கள் விழாமலிருக்கப் பயிற்சி தரும் வகுப்புக்கு அனுப்பினார். நூலகத்துக் கூடத்தில் வகுப்பு. சொல்லித்தரும் பெண், எப்படி விழுந்தார்கள் என்று ஒவ்வொருவரையும் விசாரித்தாள்.

"குளியலறை ஈரம்" என்றார் ஓய்வுபெற்ற நர்ஸம்மா.

"நாய்ம்மா" என்றார் தையற்காரர். "கன்னுக்குட்டி சைஸு."

"அப்போ உங்களுக்கு வேற பயிற்சி சார்."

மற்றவர்கள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கப் பழக, தையற்காரர் மட்டும் கூடத்தைச் சுற்றி விறுவிறுவென்று நடந்து, அவள் கைதட்டியதும் சட்டென்று திரும்ப வேண்டும். நர்ஸம்மா பின்னாலிருந்து 'லொள்' என்று குரல் கொடுத்து ஒத்தாசை செய்தார். எந்த நாய் வந்தாலும் சமாளிக்கத் தேறிவிட்டார் மனிதர். வீட்டில் பேண்ட் மாட்டும்போதுதான் இன்னமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவர் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வர, மனைவி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கம்மா" என்றார் நர்ஸம்மா. "அந்த நாயை யாராவது பிடிச்சுக் கட்டினாங்களா?"

"எந்த நாய்?"

தையற்காரர் இருமினார், கண்ணைக் காட்டினார், கூரையைப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரரைத் தள்ளிவிட்டதே, அது."

மனைவி அவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். "அதுவா? துவைச்சு மடிச்சு அலமாரியில வச்சிருக்கேன்."

கூடம் விழித்தது. "பேண்ட்டு மாட்டும்போது விழுந்தாருங்க" என்று அவளே உடைத்ததும் ஒரே சிரிப்பு. தையற்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சொல்லித்தரும் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்? ஒத்தைக் கால் பயிற்சிதான் உங்களுக்கு வேணும். பழகற வரைக்கும் கட்டில்ல உட்கார்ந்தே மாட்டுங்க."

"உட்கார்ந்துதானே தைக்கிறேன்" என்று முணுமுணுத்தார். "உட்கார்ந்து மாட்டினா குறைஞ்சா போயிடுவேன்?"

சிரித்து ஓய்ந்த நர்ஸம்மா தொண்டையைச் செருமினார். "ஈரமெல்லாம் ஒண்ணுமில்ல. சுழல் நாற்காலி மேல ஏறி ஃபேன் துடைச்சேன். கட்டிலை விட்டு இறங்காதேன்னு ஆஸ்பத்திரியில எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்!"

"நீங்களும் ஒரு தடவை நின்னு பாருங்கம்மா" என்றாள் அந்தப் பெண், கிளம்பப்போன மனைவியிடம்.

"எனக்கென்ன?" என்று மிடுக்காகக் காலைத் தூக்கினாள். ஓயப்போகும் பம்பரம் மாதிரி ஆடி, கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். அவர் மனைவியை நிமிர்த்தி நிறுத்திவிட்டுத் தானும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார்.

அடுத்த வாரத்திலிருந்து இருவருமாக வந்தார்கள். தையற்காரருக்குச் சீக்கிரமே கால் நிலைத்தது. மனைவிக்கு இன்னும் இல்லை. நாற்காலி முதுகு வழுக்குகிறதாம். அவர் தோளைத்தான் பிடித்துக்கொள்கிறாள்.