அடாப்டருக்கு அறுவை சிகிச்சை

ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டை ஓட வைக்கிற மெக்கானிக் வீட்டிலேயே இருக்க, பெண்டாட்டி தன் பழைய வீடியோ கேம் பெட்டியை ரிப்பேர் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். விஷயம் தெரிந்த அன்று அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். மறுநாளே அவள் அதைத் திருப்பி வாங்கி வந்து மேசையில் வைத்தாள்.

"இந்தாங்க. சின்ன வயசுலேர்ந்து பத்திரமா வச்சிருக்கேன். லைட்டே எரியல. பார்த்துச் செய்யுங்க."

அந்த 'பார்த்து'தான் சுருக்கென்றது. மிக்சி, இஸ்திரிப் பெட்டி, அழைப்பு மணி என்று அவர் கை பட்டதெல்லாம் குப்பைக்குப் போன வரலாறு அதில் இருந்தது. இதுவும் போனால் இனி பல்பு மாற்றக்கூட அவரைக் கூப்பிட மாட்டாள்.

விடுமுறையன்று அவள் வெளியே கிளம்பியதும் ஆரம்பித்தார். அடாப்டரைச் சுவரில் செருகி, மீட்டரை டி.சி.யில் வைத்து முனையைத் தொட்டார். பூஜ்யம். "செத்துப்போச்சு" என்று ஆளில்லாத அறையில் அறிவித்தார். சுவரில் வருகிற ஏ.சி. மின்சாரத்தை டி.சி. ஆக்கித் தருவதுதானே அடாப்டரின் வேலை? இதற்குப் போய்க் கடையா!

மூடியில் ஒரு ஸ்க்ரூகூட இல்லை, சுற்றிலும் ஒட்டியிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரம்பத்தை எடுத்தார். உள்ளே செம்புச் சுருள் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. டி.சி. ஆக்குகிற டயோடு ஒன்றுகூட இல்லை. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். நம் மெக்கானிக்கோ, செய்த கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று கண்டுபிடித்தார். பழைய லிஃப்ட் போர்டிலிருந்து நாலு டயோடுகளைப் பிடுங்கித் தானே பற்றவைத்தார். மீட்டர் துள்ளியது. தன்னைத்தானே மெச்சிக்கொண்டு பெட்டியில் செருகினார்.

லைட் எரியவில்லை.

வேறு வழியில்லாமல் பெட்டியையே திறந்தார். மின்சாரம் நுழைகிற இடத்திலேயே நாலு டயோடுகள் சமர்த்தாக நின்றன. அறுத்துப்போட்ட மூடியை எடுத்து, அப்போதுதான் படித்தார். அடாப்டர் தருவதே ஏ.சி.தான் என்று அச்சடித்திருந்தது. டி.சி. ஆக்கும் வேலையைப் பெட்டி தனக்குள்ளேயே பார்த்துக்கொள்கிறது. காலையிலிருந்து அவர் அறுத்தது நோயே இல்லாத ஆளை.

உண்மையான கோளாறு, அடாப்டர் முனை செருகுகிற துளைக்குப் பின்னால் பற்றவைப்பு விட்டிருந்ததுதான். சால்டரிங் அயர்னால் ஒரு தொடு தொட்டார். தான் சேர்த்த டயோடுகளைக் கழற்றிவிட்டு அடாப்டருக்கு டேப்பால் கட்டுப்போட்டார். லைட் எரிந்தது. சந்தோஷப்படக்கூட வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் வந்தவள் லைட்டைப் பார்த்து முகம் மலர்ந்தாள். பிறகு கறுப்பு டேப் சுற்றிய அடாப்டரைக் கையில் எடுத்தாள்.

"கோளாறு இதுலயா?"

ஆமாம் என்றால் போதும், மானம் தப்பும், பாராட்டும் கிடைக்கும். ஆனால் அவள் அதைக் குழந்தைக்கு அடிபட்ட மாதிரி தடவிக்கொண்டிருந்தாள். அவருக்குப் பொய் வரவில்லை.

"இல்ல. அது நல்லாத்தான் இருந்துச்சு. எழுதியிருக்கிறதப் படிக்காம நான்தான் அறுத்துத் தொலைச்சுட்டேன். கோளாறு செருகுற இடத்துல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கடைக்காரர் அன்னைக்கே சொல்லிட்டாரு. செருகுற இடத்துல விட்டிருக்கு, சின்ன வேலைதான்னு. வேணாம், அப்படியே குடுங்கன்னு வாங்கிட்டு வந்தேன்."

அவருக்குக் காது சூடேறியது. "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அதுக்கும் மூஞ்சியத் தூக்குவீங்க."

அவர் மூஞ்சியைச் சட்டென்று இறக்கிக்கொண்டார்.

"சரி, நான் இதையும் ஒழிச்சுக் கட்டியிருந்தா?"

"ஒழிச்சிருவீங்கன்னுதான் நெனச்சேன்" என்றாள் அவள். "கடையிலேர்ந்து வர்ற வழியிலயே ஒரு பாட்டம் அழுது முடிச்சுட்டுத்தான் உங்க கையில குடுத்தேன்."