கவிழ்த்து வைத்த பேணி

கிணற்றடி வேலியில் நட்ட கதியால் தடியில் கவிழ்ந்து தொங்கும் தகரப் பேணியின் விளிம்பில் ஒரு துளி தண்ணீர், விழுவதா வேண்டாமா என்று நிற்கிறது, சிவனு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான், பிறகுதான் இது கிணற்றடி இல்லை என்பது உறைக்கிறது, இது முகாம், சண்டை முடிந்ததும் மிஞ்சிய சனத்தையெல்லாம் கொண்டுவந்து கொட்டிய இடம், வேலி முள்ளுக்கம்பி வேலி, பேணி அவன் கூடாரத்துக்குப் பக்கத்தில் கண்டெடுத்த பால்மா டின், ஆனாலும் வெயில் ஏறினால் ஒன்று இன்னொன்றாகிவிடுகிறது, கம்பி கதியாலாகிறது, கூடாரங்களுக்குப் பின்னால் காணிக்காரர் அம்பலவாணரின் தென்னைகள் எழும்பி நிற்கின்றன, அப்பா வெள்ளைச்சாமி மண்வெட்டியைத் தோளில் சாய்த்தபடி கிணற்றுக்கு எட்ட நின்று முகத்தைத் துடைக்கிறார், கிணற்றைத் தொடக் கூடாது, வாளியைத் தொடக் கூடாது, அம்பலவாணரின் மனைவி அள்ளி உயரத்திலிருந்து பேணிக்குள் ஊற்றுவாள், அப்பா குடித்து முடிக்கும்வரை வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள், முடிந்ததும் தினமும் ஒரே சொல், கழுவிக் கவிட்டுப்போட்டுப் போ. மலைநாட்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயம் எரிந்து, உடுத்த துணியோடு வன்னிக்கு வந்த குடும்பம், அம்பலவாணர் பெரிய மனசு பண்ணித் தன் காணி மூலையில் குடிசை போட விட்டார், அந்தப் பெரிய மனசுக்கு அப்பாவும் அம்மாவும் சாகும்வரை அவர் வயலில் குனிந்து நிற்க வேண்டியிருந்தது, வேறிடம் போகலாமா என்று வாய் திறந்தால் ஒதுங்க இடம் கொடுத்த கதை முதலிலிருந்து தொடங்கும். அடிமை என்று யாராவது சொன்னால் அவருக்கு முகம் கறுத்துவிடும், என்ரை பிள்ளையள் மாதிரியெல்லோ வைச்சிருக்கிறன் என்பார். பெற்ற பிள்ளைகள் வெள்ளித் தம்ளரில் குடித்தார்கள்.

அதனால்தான் சிவனு இயக்கத்துக்குப் போனான், இங்கே மேலும் இல்லை கீழும் இல்லை என்று மேடையில் சொன்னார்கள், அவன் நம்பினான், நாடு கிடைத்தால் அப்பா தன் கையால் தண்ணீர் அள்ளிக் குடிப்பார், அவனுக்குத் தெரிந்த நாடு அவ்வளவுதான். நிலவன் என்று அழகான தமிழ்ப் பெயர் வைத்தார்கள், வைத்த கையோடு முதுகுக்குப் பின்னால் தோட்டக்காட்டான் என்றார்கள், பிறகு முகத்துக்கு நேரேயும், பகிடிதானே மச்சான், கோவிக்காதை. சாதி கேட்பது இயக்கத்தில் குற்றம், ஆகவே யாரும் கேட்கவில்லை, எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், கோயிலுக்கு மேற்கா கிழக்கா, தகப்பன் பெயர் என்ன என்றுதான் கேட்டார்கள், இவ்வளவும் தெரிந்தபின் சாதியை எதற்குக் கேட்பது. ஒரு மாலை பள்ளிக்கூட மண்டபத்தில் படம் போட்டார்கள், அமெரிக்காவில் கறுப்பு அடிமைகளுக்காக வெள்ளைக்காரர்களே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்ட சண்டையின் படம், ஒரு கறுப்புக் கிழவனைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கிறார்கள், மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம், அணித்தலைவர் மதி அண்ணை எழுந்து, மனிசனை மனிசன் இப்பிடி நடத்திற இனம் உருப்படுமோ என்று குரல் தழுதழுக்கக் கேட்டார், எல்லோரும் கை தட்டினார்கள், சிவனுவும் தட்டினான், தட்டிய கை இப்போது இந்த முகாமில் கூசுகிறது. கடல் தாண்டி இருக்கிற அடிமைக்கு அழுவது எவ்வளவு வசதி, அவன் நம் கிணற்றடிக்கு வந்து நிற்கப்போவதில்லை.

அந்தப் படத்தின் ஈரம் கண்ணில் காய்வதற்குள் அணி அம்பலவாணரின் காணிக்கு வந்து இறங்கியது, பதுங்க ஒரு பங்கர் வெட்ட வேண்டும், மண் வெட்ட யார், வேறு யார், காணி மூலையின் குடிசைக்காரர்கள்தான், உங்கடை ஆக்களுக்கு இது பழகின வேலைதானே என்று மதி அண்ணை சிவனுவின் தோளில் தட்டினார், பாராட்டுகிறாராம். பங்கருக்கு வாகான இடம் மாமரத்து மேடு, இறுகிய மண், ஆனால் மேடு கிணற்றடியில் இருக்கிறது, வெட்டுகிறவர்கள் நாள் முழுக்கக் கிணற்றைச் சுற்றிப் புழங்குவார்கள், அம்பலவாணர் தலையைச் சொறிந்துகொண்டு, வாய்க்கால் பக்கம் வெட்டினால் நல்லதெல்லோ தம்பி என்றார், வாய்க்கால் பக்கம் சரியும் மண் என்று அவருக்கும் தெரியும், மதி அண்ணைக்கும் தெரியும், அங்கே மேய்கிற மாட்டுக்கும் தெரியும். குழிக்குள் இறங்கப்போவது அப்பா, சிவனு மதி அண்ணையைத் தனியே கூப்பிட்டுக் கெஞ்சினான், மாமரத்தடியிலேயே வெட்டுவோம் என்றான், மதி அண்ணை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார், இஞ்ச பார் நிலவன், மனிசன் எங்களுக்குச் சோறு போடுறார், சனத்தை இப்ப பகைக்கேலாது, முதல்லை நாடு கிடைக்கட்டும், பிறகு கிணத்தைப் பாப்பம். அப்போது அம்பலவாணரின் மனைவி தேநீர் கொண்டுவருகிறாள், போராளிகளுக்கெல்லாம் தம்ளர், சிவனுவுக்கு வேலியிலிருந்து எடுத்த பேணி, துப்பாக்கி தோளில் தொங்குகிறது, பேணி கையில் சுடுகிறது, ஒருவரும் பார்க்கவில்லை, அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தம்ளருக்குள் ஏதோ விழுந்துவிட்டது போல, குனிந்து தேநீரையே பார்த்துக் குடிக்கிறார்கள்.

எங்கோ தூரத்தில்தான் செல் குண்டு விழுந்தது, நிலம் ஒருதரம் அதிர்ந்தது, அவ்வளவுதான், வாய்க்கால் பக்கத்துச் சுவர் அப்படியே இறங்கி அப்பாவை மூடிக்கொண்டது, கையால் தோண்டினார்கள், வெளியே எடுத்தபோது வாயெல்லாம் சேறு, உயிர் இருந்தது, தண்ணி குடுப்பா என்றார், இல்லை, அப்படிச் சொன்னதாக சிவனு நினைத்துக்கொள்கிறான், உதடு அசைந்தது மட்டும் உண்மை. கிணற்றுக்கு ஓடினான், வாளிக் கயிற்றில் கை வைக்கப் போனான், அம்பலவாணர் குறுக்கே வந்து நின்றார், கோபமாக இல்லை, மிகவும் இதமாக, நில் தம்பி, நான் அள்ளித் தாறன் என்றார். சிவனு மதி அண்ணையைப் பார்த்தான், நாடு பிடிக்கப் புறப்பட்ட மதி அண்ணை ஒரு கிணற்றடியைத் தாண்ட முடியாமல் நின்றார், அவர் அள்ளித் தரட்டும், நீ பேணியைப் பிடி என்றார். சிவனு பிடித்தான், தண்ணீர் உயரத்திலிருந்து நூலாக இறங்கியது, பேணி நிறைய எவ்வளவு நேரம், நிறைந்து, ஓடி, அப்பாவின் வாயருகே கொண்டுபோனபோது அது குடிக்கிற வாயாக இல்லை. மறுநாள் பங்கரை மாமரத்தடியிலேயே வெட்டினார்கள், அணிப் பொடியன்களே வெட்டினார்கள், கிணற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மதி அண்ணை கடைசிச் சண்டைக்கு முன்பே கடல் தாண்டிவிட்டாராம், அங்கே கறுப்பர்கள் ஊர்வலம் போனால் அவரும் பதாகை பிடிக்கிறாராம், பிடிக்கட்டும்.

தம்பி.

கம்பியோரம் நிழல் விழுகிறது, சிவனு நிமிர்கிறான், கொஞ்ச நேரம் அது அந்தக் காணியின் நிழல்தான், பிறகு முகாமின் நிழல், அம்பலவாணர் நிற்கிறார், மனைவி வழியிலேயே செல் பட்டுச் செத்துப்போனாள், தென்னையும் இல்லை கிணறும் இல்லை, உதடு வெடித்திருக்கிறது, தண்ணீர் பவுசர் வந்துபோய்விட்டது, அவரிடம் ஏந்தப் பாத்திரம் இல்லை. வெள்ளைச்சாமியின்ரை மகன்தானே, ஒரு மிடறு தண்ணி தாறியே. சிவனு பேணியைக் கம்பியிலிருந்து எடுத்து, தன் தண்ணீர்க் கானிலிருந்து நிறைய ஊற்றிக் கொடுத்தான், தண்ணீருக்குக் கணக்குப் பார்க்க அவன் அம்பலவாணர் இல்லை. அவர் இரண்டு கையாலும் வாங்கினார், வாங்கி, தலையை அண்ணாந்து, பேணியை உயரத் தூக்கினார், உதடு பட்டுவிடக் கூடாதாம், தண்ணீர் மூக்கில் விழுகிறது, தாடியில் விழுகிறது, நெஞ்சில் வழிகிறது, பட்டினி கிடந்து, பிணம் தாண்டி, சகலதையும் விட்டுவிட்டு வந்த மனிதர் இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்.

சிவனுவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாய் வைச்சுக் குடியுங்கோ ஐயா, சிந்தினா இனி இல்லை.

அம்பலவாணர் பேணியை இறக்கினார், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், தெரிந்த முகம் ஏதும் இல்லை என்று உறுதியானதும் உதட்டை வைத்து மடமடவென்று குடித்தார், கண்ணை மூடிக்கொண்டு குடித்தார், அப்பா எப்போதும் குடித்த மாதிரியே. உன்ரை கொப்பர் வெள்ளைச்சாமி நல்ல மனிசன் என்று சொல்லிப் பேணியை நீட்டினார், அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. சிவனு கை நீட்டவில்லை, எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டு, அம்பலவாணர் மனைவியின் குரல் தன் தொண்டைக்குள் எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது என்று தெரியாமலே சொன்னான், கழுவிக் கவிட்டுப்போட்டுப் போங்கோ.

அம்பலவாணர் குனிந்து, மிச்சத் தண்ணீரைச் சுழற்றிக் கழுவி ஊற்றி, பேணியை முள்ளுக்கம்பியில் கவிழ்த்துவிட்டு நடந்தார். விளிம்பில் ஒரு துளி நின்றது, இந்த முறை விழுந்துவிட்டது, பார்க்க அப்பாதான் இல்லை.