இருவர் உட்காரும் காற்றுப் படகு

பஞ்சர்காரரின் மனைவி அவரோடு பேசிப் பதினேழு நாள் ஆகியிருந்தது. என்ன கோபம் என்று அவருக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். அவள் வாயைத் திறந்தால்தானே!

வீட்டில் பேச்சே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவளுடைய தம்பி வங்கியில் வேலை பார்ப்பவன், மாடியில்தான் குடியிருந்தான். வேளாவேளைக்கு அவனைக் கீழே கூப்பிட்டு உட்காரவைத்து, "மாமாகிட்ட சொல்லுடா, சாப்பாடு ஆறுது" என்பாள். மாமா அங்கேதான், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். தம்பி அவர் பக்கம் திரும்பி, "மாமா, சாப்பாடு ஆறுதாம்" என்று சொன்ன பிறகுதான் கை நகரும். அந்த வீட்டுச் சட்டம் அப்படி. அவள் வாயிலிருந்து நேரே காதில் விழுந்தது செல்லாது.

எரிகிற வீட்டிலும் இப்படித்தான் நடந்துகொள்வார்களோ என்னவோ. இரண்டு பேருக்குமே அவ்வளவு ரோஷம்.

ஏரி நடுவில் ஒருநாள் போய் உட்கார வேண்டும் என்று அவள் முன்பு ஆசைப்பட்டது பஞ்சர்காரருக்கு ஞாபகம் வந்தது. காற்றடித்தால் படகு, காற்றை இறக்கிவிட்டால் ஒரு பை, அப்படி ஒரு கயாக் கடையில் விற்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தார். அதில் இரண்டே பேர்தான் உட்கார முடியும். தம்பிக்கு இடம் கிடையாது. நடு ஏரியில் பேசாமல் எங்கே போய்விடுவாள்? இந்த யோசனை வந்ததும் அவருக்குத் தன்மேலேயே மரியாதை கூடிவிட்டது.

கடைக்கு மூன்று பேருமாகப் போனார்கள். அவள் நேராக மூன்று பேர் உட்காரும் கயாக்கிடம் போய் நின்றாள். "மாமாகிட்ட சொல்லுடா, நீ நடுவில உக்காந்துக்கலாம்னு."

"எனக்கு நீச்சல் தெரியாதுக்கா" என்றான் தம்பி. பஞ்சர்காரருக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

விற்பனைப் பெண் பொறுமைசாலி. இரண்டு பேர் எடையையும் கேட்டு, அதைவிட நன்றாகவே அதிகம் தாங்குகிற ஒன்றை எடுத்துக் காட்டினாள். "இடது, வலது, அடின்னு காத்து மூணு அறையில தனித்தனியா நிக்கும் சார். ஒண்ணு போனாலும் மத்தது தாங்கும். லைஃப் ஜாக்கெட் போடாம இறங்காதீங்க. கரையிலேருந்து ஏரிக்குள்ள காத்தடிச்சா அன்னிக்கு வேணாம். அப்புறம் இந்த மீட்டர் முள் பச்சைக்கோட்டைத் தாண்டக் கூடாது. வெயில்ல உள்ள இருக்கற காத்து விரியும்."

மனைவி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். அவரோ காற்றைப் பற்றித் தனக்கே பாடமா என்று சிரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில் அவள் கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். காற்று ஏரியிலிருந்து கரைப்பக்கம் வந்தது. நல்லது. தம்பி மூலமாக அவருக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டவைத்தாள், பக்கிளையும் தம்பி மூலமாகவே இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பஞ்சர்காரர் பம்பை மிதித்தார். முள் பச்சைக்கோட்டில் வந்து நின்றது. கட்டைவிரலால் அழுத்தினார், அமுங்கியது. இருபத்திரண்டு வருஷமாக அமுங்குகிற எதையும் அவர் கடையை விட்டு வெளியே அனுப்பியதில்லை. இன்னும் மிதித்தார். விரலை மடக்கித் தட்டினால் டங்கென்று கேட்கும் வரைக்கும் மிதித்தார்.

"மாமா, முள் சிவப்புல நிக்குது" என்றான் தம்பி.

"மீட்டர் சரியில்ல மாப்ள" என்றார் அவர்.

அவர் முன்னால், அவள் பின்னால். அரை மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. அவள் தண்ணீரை ரசித்தாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, எப்போது பேசுவாள் என்று காதைத் தீட்டி வைத்திருந்தார். வெயில் ஏறியது. அவருடைய இடது முழங்கால் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. அதைவிட நன்றாக அவருக்குத் தெரிந்த சத்தம் உலகத்தில் வேறு இல்லை.

இடதுபக்கக் குழாய் தொங்கிவிட்டது. படகு சாய்ந்தது, தண்ணீர் உள்ளே வந்தது. பழக்கதோஷத்தில் அவர் ஓட்டையை விரலால் மூடினார். அது விரல்கடைக்கு அடங்குகிற ஓட்டையாக இல்லை.

அவள் தன் லைஃப் ஜாக்கெட்டிலிருந்த விசிலை ஊதினாள். பிறகு கரையைப் பார்த்துக் கத்தினாள். "மாமாவை வலதுபக்கம் சாயச் சொல்லுடா!"

தம்பிக்குக் கேட்டுவிட்டது. அவனும் தொண்டை கிழியக் கத்தினான், ஆனால் எதிர்காற்று அதைக் கரையிலேயே வைத்துக்கொண்டது. பஞ்சர்காரர் இன்னும் இடதுபக்கமே உட்கார்ந்திருந்தார். தம்பி சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"யோவ்" என்றாள் அவள். "வலதுபக்கம் நகருங்க. அப்படியே திரும்பி என்னைப் பாத்து உக்காருங்க."

இத்தனை நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை! அவர் மளமளவென்று நகர்ந்தார். முட்டியோடு முட்டி இடிக்க, இருவரும் வலதுபக்கக் குழாயில் சாய்ந்துகொண்டார்கள். படகு நிதானத்துக்கு வந்தது. அவள் துடுப்பு போட ஆரம்பித்தாள்.

"இப்பவாவது சொல்லேன். நான் என்ன பண்ணினேன்?"

அவள் துடுப்பை வலித்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு ஆபீஸ்லேருந்து வரப்போ என் ஸ்கூட்டர் பஞ்சர். தள்ளிக்கிட்டு உங்க கடைக்கு வந்தேன். நீங்க தலையை நிமித்தவே இல்ல. 'வரிசையில நில்லுங்கம்மா'ன்னீங்க."

"நானா?"

"நின்னேன். நாலாவது ஆள். எப்பவாவது பாப்பீங்களான்னு நின்னேன். என் முறை வந்துச்சு. சக்கரத்தைப் பாத்தீங்க, ஒட்டினீங்க, 'அடுத்தது'ன்னீங்க."

பஞ்சர்காரருக்கு எந்த ஸ்கூட்டர், எந்த டியூப், எத்தனை ஒட்டு என்பதுகூட நினைவு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் முகம் மட்டும் வரவில்லை. அவமானமாக இருந்தது. தண்ணீர் இடுப்பை நனைத்தது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

கரை மெதுவாக நெருங்கியது. அவர் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். காதோரம் நரைத்திருந்தது. மூக்குக்கண்ணாடி புதிது. எப்போது மாற்றினாள்?

"எதுக்கு இப்படி முறைச்சுப் பாக்கறீங்க?"

"அடையாளம் பாத்து வெச்சுக்கறேன்" என்றார் அவர். "மறுபடி வரிசையில நின்னா தெரியணுமில்ல."

அவள் துடுப்பைத் தண்ணீரில் செருகி, ஒரு வீச்சில் அவர் முகத்தில் இறைத்தாள். அவர் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.