ஜிகினா சக்கரம்

1

இந்தக் கதை என் ரத்தத்திலிருந்து தொடங்கியது. பெருமையடிக்கவில்லை, நிஜமாகவே அப்படித்தான். சர்க்கரை பார்ப்பதற்காக வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு பெண் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். வாசல்வரை வழியனுப்பப் போனபோதுதான் கவனித்தேன். வண்டியின் இரண்டு சக்கர விளிம்புகளிலும் ஆரஞ்சு நிறத்தில் டேப் ஒட்டியிருந்தது. வெளிச்சம் பட்டால் பளீரென்று திருப்பி அடிக்கிற டேப்.

"அழகா இருக்கே" என்றேன்.

"அழகுக்குத்தான் மேடம்" என்றார். சொன்ன விதத்தில் அழகு கொஞ்சமும் இல்லை. யாரிடமோ பலமுறை சொல்லிச் சலித்த பதில் அது.

அடுத்த முறை வந்தபோது டேப் இல்லை. அதற்கடுத்த முறை இருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மை கிடைத்திருக்கும், கதை போயிருக்கும். இனி வருவதெல்லாம் கற்பனை. என் வீட்டுக்கு வந்தவர் 'அவர்', கதையில் வருகிறவள் 'அவள்'. குழப்பிக்கொள்ளாதீர்கள். ("சக்கரத்தில் டேப் ஒட்டுவதெல்லாம் ஒரு கதையா?" என்று கேட்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.)

2

முதல் வரிக்குப் பட்ட பாடு:

சக்கரங்கள் சுழல்கின்றன, வாழ்க்கையும் அப்படித்தா

(வேண்டாம். எழுதும்போதே கூசுகிறது.)

அவள் ஒரு துணிச்சலான பெ

(இதுவும் வேண்டாம். அதை நான் சொல்லக் கூடாது, அவள் காட்ட வேண்டும்.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் இருட்டு பிரியாத நேரத்தில் அவள் வண்டியில் நாற்சந்தியைக் கடந்துகொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவிலிருந்து வந்த ரொட்டி வேன் அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி கிரீச்சென்று நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார். திட்டவில்லை.

"பக்கவாட்டுல நீ கண்ணுக்கே தெரியலம்மா" என்றார்.

உண்மைதான். மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் விளக்கு உண்டு, பின்னால் விளக்கு உண்டு, விலாவில் ஒன்றும் கிடையாது. பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் இருட்டு. அன்றைக்கே டேப் வாங்கி ஒட்டிவிட்டாள்.

வீட்டில் மட்டும் காரணத்தைச் சொல்லவில்லை. கூட வேலை பார்த்த ஒருத்தி வண்டியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டபோது கணவன் சொல்லியிருந்தான்: "உனக்கு மட்டும் இந்த மாதிரி ஏதாவது வரட்டும், அன்னிக்கோட வேலைக்கு முழுக்கு. சரியா?" பேச்சு முடிந்தால் போதும் என்று அவளும் தலையாட்டியிருந்தாள். இப்போது காரணத்தைச் சொன்னால் டேப் தங்கும், வேலை போய்விடும். அதனால் "அழகுக்குத்தான்" என்றாள்.

3

கணவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இருவருக்கும் வண்டி ஒன்றுதான். விடிகாலையில் அவள் எடுத்துப் போவாள், அவள் திரும்பியதும் அவன் எடுத்துப் போவான். ஆரஞ்சு வளையம் மினுங்க அவன் பள்ளிக்குள் நுழைந்த முதல் நாளே பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள்: ஜிகினா சார். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், கடைசி பெஞ்சிலிருந்து "ஜிகினா" என்று ஒரு குரல் வரும். அவன் கூனிக் குறுகிப்போனான்.

இவனை வில்லனாக எழுதிப் பார்த்தேன். முதல் வரைவில் ஓர் உறுமல்கூடக் கொடுத்திருந்தேன். ஒத்துவரவில்லை. தினமும் அவளுக்கு முன்பே எழுந்து வண்டியை உதைத்துக் கிளப்பிச் சூடுபண்ணி வைக்கிறவன் இவன். அதற்காக நல்லவன் என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை.

"அழகுக்குத்தானே ஒட்டினே? அழகு பார்த்தாச்சு. எடுத்துடு."

"எனக்குப் பிடிச்சிருக்குங்க. இருக்கட்டும்."

"பசங்க சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டுமே. உங்க கிளாஸ்ல வேற எதுக்குச் சிரிக்கப் போறாங்க?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனே உரித்தான். வெந்நீரில் முக்கிய துணியால் விளிம்புக்கு ஒத்தடம் கொடுத்து, பிளாஸ்டிக் ஸ்கேலால் நுனியை நெம்பி, கிழியாமல் மெல்ல இழுத்தான். மிச்சமிருந்த பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தான். இரண்டு நாளில் அவள் புதுச் சுருளோடு வந்தாள். ஊசி போடுமுன் கையைத் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சால் விளிம்பைத் துடைத்தாள். காற்றடிக்கும் வால்வில் தொடங்கி, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனாள். (பஞ்சு பரிசோதனைக் கூடத்துடையது. நிர்வாகம் கதை படிக்காது என்று நம்புகிறேன்.)

அவன் உரித்தான். அவள் ஒட்டினாள். மறுபடி உரித்தான். மறுபடி ஒட்டினாள். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள், இதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. இதில் வேடிக்கை, அவன் அவ்வளவு சுத்தமாக உரித்து வைத்ததால் ஒவ்வொரு முறையும் அவள் ஒட்டியது முன்னைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டது.

ஆனால் அவன் உரித்ததற்கும் அவள் ஒட்டுவதற்கும் நடுவே விடியற்காலைகள் வரும். அப்போதெல்லாம் நாற்சந்தியில் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, இரண்டு பக்கமும் பார்த்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடப்பாள்.

4

இதுவரை எழுதியதைப் பத்திரிகை நடத்தும் நண்பரிடம் காட்டினேன்.

"அவன் டேப்பை உரிச்ச மறுநாளே வேன் அவளை அடிக்கணும். ஆஸ்பத்திரியில வச்சு அவனுக்கு உண்மை தெரியணும். அப்பத்தான் கதை நிக்கும்" என்றார்.

மாட்டேன். அவனுக்குப் புத்தி வருவதற்கு இவள் எலும்பு எதற்காக உடைய வேண்டும்? எத்தனை கதைகளில் எத்தனை பெண்களை இப்படி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தாயிற்று! அந்த வேன் என்னுடையது. அதன் ஓட்டுநரும் என்னுடையவர். நான் எழுதாமல் அது ஓர் அங்குலம் நகராது.*

* நண்பர் கதையைப் போடவில்லை. பரவாயில்லை, வேறு வழியில் உங்களிடம் வந்துவிட்டதல்லவா?

5

இன்னொரு முடிவும் கையில் இருந்தது. அதைக் கொடுத்தவர் டேப் கடைக்காரர். அவள் அடிக்கடி வருவதைப் பார்த்துவிட்டு ஒரு சுருளை எடுத்து நீட்டினார்.

"வீட்டுல சாருக்குப் பிடிக்கலேன்னா இதை ஒட்டுங்கக்கா. பகல்ல கறுப்பு, டயரோட டயரா ஒண்ணும் தெரியாது. இருட்டுல லைட் பட்டா மட்டும் வெள்ளையா அடிக்கும்."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கறுப்பை வாங்குகிறாள், ஜிகினா சார் மறுபடி வெறும் சார் ஆகிறார், குடும்பத்தில் அமைதி. உட்கார்ந்து எழுதினேன்:

அவள் கறுப்புச் சுருளைக் கையில் வாங்கிப் புன்ன

அவள் புன்னகைக்கவில்லை. சுருளைப் பார்த்தபடி நின்றாள். வேன்காரருக்குத் தெரிய வேண்டும், கட்டினவருக்குத் தெரியக் கூடாது. ஏற்கெனவே சொன்ன பொய்யை இனி சக்கரத்திலும் சுற்றிக்கொண்டு திரிய வேண்டும். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ரத்தம் எடுக்கத்தானே போகிறாள், திருடவா போகிறாள்?

"ஆரஞ்சே குடுங்கண்ணே" என்றாள். "இருக்கறதுலயே அகலமானதா குடுங்க."

என் முடிவைக் கிழித்துப் போட்டேன். வேறென்ன செய்ய?

6

அன்று மாலை அவன் வாசல் படியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். அவள் அவன் கண்ணெதிரிலேயே வண்டியை நிறுத்தி, குந்தி உட்கார்ந்து ஒட்டத் தொடங்கினாள்.

"மறுபடியுமா?"

"இது அழகுக்கு இல்லைங்க. ஒரு வேன் என்னை அடிச்சிருக்கும், மயிரிழையில தப்பிச்சேன். பக்கவாட்டுல நான் தெரியலையாம். அதான் ஒட்டினேன்."

அவன் பேனா நின்றது. "எப்ப? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேலையை விடச் சொல்வீங்க."

அவள் கட்டைவிரல் விளிம்பின்மேல் நகர்ந்துகொண்டே இருந்தது.

"நீங்க உரிச்சப்பல்லாம் பயந்துக்கிட்டேதான் போனேன். ஆனா போனேன். இனிமே டேப்பை எடுக்க விடமாட்டேன். வேலையையும் விடமாட்டேன். அன்னிக்குத் தலையாட்டினேன்ல? அது சும்மா."

அவன் வாயைத் திறந்தான்.

இங்கே பேனாவை உங்களிடம் தருகிறேன். அவன் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கத்த வையுங்கள். மன்னிப்புக் கேட்க வையுங்கள். "பின் சக்கரத்தை நான் ஒட்டறேன்" என்று பக்கத்தில் குந்த வையுங்கள். நாளைக்கு வகுப்பை அவன் எப்படிச் சமாளிப்பான் என்பதும் உங்கள் பாடு.

அவளை மட்டும் தொடாதீர்கள். அவளுக்கான வரியை நானே எழுதிவிட்டேன், அழிக்க யாரையும் விடமாட்டேன். மறுநாள் விடியும் முன்பே அவள் வேலைக்குப் போனாள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிந்தாள்.