ழகரத்தின் வால்

கங்கம்மாக்காவின் ராஜினாமாக் கடிதத்தில் ஏழு ழகரங்கள் இருந்தன. எழுதியது நான். ஏழையும் வால் இல்லாமல் எழுதினேன்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கட்டடக் கம்பி செய்யும் ஒரு கம்பெனியின் லேபில் வேலை பார்க்கிறேன். பி.எஸ்சி. வேதியியல். உலையில் ஒரு தடவை உருக்கி எடுக்கும் இரும்புக்கு ஒரு எண் உண்டு. ஹீட் நம்பர் என்போம். அந்த எண்ணுள்ள கம்பியில் ஒரு துண்டை வெட்டி இழுத்துப் பார்ப்போம், வளைத்துப் பார்ப்போம். முடிவை அச்சடித்து லேப் இன்சார்ஜ் கோபால் சாரிடம் கொடுப்பேன். ஃபெயில் என்றால் வேறு ஒரு தாள் அச்சடிக்கச் சொல்வார். அதில் பாஸ் என்று இருக்கும். முதல் தாள் கிழிக்கும் மெஷினுக்குப் போக வேண்டும்.

மெஷினில் போடுவது கங்கம்மாக்காவின் வேலை. கூட்டித் துடைக்க காண்ட்ராக்டில் வந்தவர். லேபில் என்னோடு பேசும் ஒரே ஆள். மற்றவர்களோடு நான் பேசுவதில்லை. அவர்களும் முயற்சி செய்து விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா வரைஞ்சிக்கினு கீறே? நோட்டு தீந்து போச்சு போலக்கீது."

"ஒண்ணுமில்லக்கா."

"இந்தா. பின்னால வெள்ளையாத்தான கீது. இத்தப் போயி கிழிக்கச் சொல்றானுங்க, மனசு வருதா?"

அவர் நீட்டிய ஃபெயில் தாள்கள் இருபது இருந்தன. அதில்தான் 'துரு மழை' தொடங்கியது. தீரத் தீர அவரே கொண்டுவந்து தருவார்.

'துரு மழை' ஒரு சித்திரத் தொடர். சனிக்கிழமைதோறும் ஒரு செயலியில் போடுவேன். ஏழு நாளுக்கு ஒருமுறை வானத்திலிருந்து இரும்புத் துரு கொட்டும் ஒரு கோள். மழை நின்றதும் ஒரு பெண் வந்து தெருவைப் பெருக்குவாள். அவள் பெருக்கிய தெருவில் மட்டுமே கப்பல்கள் இறங்க முடியும். என் பெயரைப் போடவில்லை. 'துகள்' என்று வைத்துக்கொண்டேன். வாசகர்கள் துகள் அண்ணா என்று கூப்பிட்டார்கள். நான் திருத்தவில்லை.

நீல பால்பாயிண்ட் பேனாவில் நேராகத் தாளில் வரைவேன். வசனமும் என் கையெழுத்துதான். என் ழகரத்துக்கு நீளமான வால். கீழே இறங்கி, முந்தைய எழுத்தின் அடிவரை போய், தூண்டில் முள் மாதிரி வளையும். தலைப்பில் உள்ள 'மழை'யில் அந்த வால் 'ம'வையே சுற்றி வந்துவிடும். அதை ஒரு வாசகர் தன் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு படம் அனுப்பினார்.

பெருக்கும் பெண்ணுக்கு கங்கம்மாக்காவின் முகம். போனில் காட்டினேன்.

"அய்ய, நானு!" என்றார். பெரிதாக்கிப் பார்த்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லாத இடத்தைக்கூட வரைந்திருந்தேன். "பூட்ட பல்லக் கூட உடலியே நீ. பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி உத்து உத்துப் பாத்துக்கிறே." அப்புறம் அந்தப் பல்லிடுக்கில் நாக்கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. படம் போதும் என்றார்.

தாள் மெல்லியது. முன்பக்கத்து அச்சு பின்பக்கம் மங்கலாக, திரும்பித் தெரியும். ஒரு வாசகர் கேட்டார்: படத்துக்குப் பின்னால் ஓடும் அந்த எழுத்து எந்த மொழி?

கழிவுக் காகிதம் என்று சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. "அது அந்தக் கோளின் மொழி. கண்ணாடியில் மட்டுமே படிக்க முடியும்" என்று பதில் போட்டேன். நானூறு பேருக்குப் பிடித்திருந்தது.

அறுபத்தொன்றாம் பகுதியில் ஒருவர் என் சொல்லை நம்பி, படத்தைக் கண்ணாடியில் காட்டியிருக்கிறார். கோளின் மொழி ஆங்கிலமாக இருந்தது. ஹீட் நம்பர், தேதி, வளைவுச் சோதனை, ஃபெயில். அதை அப்படியே போட்டார். இரண்டு நாளில் பெரியபாளையம் பக்கம் வீடு கட்டுகிற ஒருவர், அதே எண்ணுள்ள கம்பிக்குத் தனக்கு வந்த சான்றிதழைப் பக்கத்தில் வைத்துப் போட்டார். அதில் பாஸ்.

திங்கட்கிழமை காலை நாஷ்டா நேரத்தில் அது கோபால் சாரின் போனுக்கு வந்துவிட்டது.

அவர் கத்தவில்லை. என் சித்திரங்கள் ஆறை அச்சடித்து லேப் போர்டில் குத்தினார்.

"கம்பி உடையறது பேஜாரு இல்ல. அது எல்லா கம்பெனியிலயும் உடையும். பேப்பர் வெளிய போச்சே, அதான் பேஜாரு" என்றார். "வரைஞ்சவன் இங்கதான் கீறான். எவன்டா அது?"

அவர் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள தடா ஊர்க்காரர். தெலுங்கு மீடியத்தில் படித்தவர். தமிழ் பேசுவார், எழுத வராது. ஒருவேளை அதனால்தான் எழுத்துகள் அவருக்குப் படமாகத் தெரிந்தன. தலைப்பின் மேல் விரலை வைத்தார்.

"பிரின்சி, இது இன்னா எழுத்து? இதுக்கு மட்டும் வால் கீது."

"ழ, சார்."

"தமிழ்க்காரங்க எல்லாரும் இப்படித்தான் வால் உடுவீங்களா?"

"இல்ல சார்."

"அப்போ வால் உட்டவனப் புடிச்சா போச்சு." மற்றவர்கள் சிரித்தார்கள். "நாளைக்கு எல்லாரும் என் முன்னாடி ஒரு பக்கம் தமிழ் எழுதணும்."

லேபில் எல்லாப் பதிவும் ஆங்கிலம். என் தமிழ் எழுத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை. அன்று மட்டும் அது தெரிந்து நிம்மதியாக இருந்தது.

அப்புறம் கங்கம்மாக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் துடைப்பத்தோடு வந்து போர்டைப் பார்த்தார். ஆறு தாளில் நான்கில் அவரே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு தடவைதான்.

"ஆமா சார், நாந்தான் எடுத்தேன். மூட்டையா கட்டி பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன்."

"எவன் அவன்?"

"சைக்கிள்ல வருவான். பேரு, குலம், கோத்திரம் கேட்டுக்கினா பேப்பர் போடுவாங்க?"

"இந்தப் பொம்பளை உன்ன மாதிரியே கீறாளே?"

"அவ கையில துடப்பம் கீது, அதான். துடப்பம் புட்சா எல்லாரும் என்ன மாதிரிதான் இருப்பாங்க. நீ புடி சார், உன்னயும் வரைவான்."

எல்லோரும் சிரித்தார்கள். கோபால் சாரும். சிரித்து முடித்ததும், "நாளையிலேர்ந்து வரவேணாம்" என்றார்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். கம்பியை இழுக்கும் மெஷினின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடவில்லை.

மதியம் என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார். கங்கம்மாக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"பிரின்சி, இதுக்கு ஒரு ராஜினாமா எழுதிக் குடு. டைப் வேணாம். கையால எழுதினாத்தான் தானா குடுத்த மாதிரி இருக்கும். நீ அமைதியான பொண்ணு, வெளிய சொல்ல மாட்டே."

மேஜை மேல் என் அறுபத்தொன்றாம் பகுதியின் அச்சு ஒன்று கிடந்தது. தலைப்பு என் பக்கம் திரும்பியிருந்தது.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். *கீழே கையொப்பமிட்டுள்ள ஒப்பந்த ஊழியர் கங்கம்மா ஆகிய நான், அழிக்க வேண்டிய கழிவுத் தாள்களை ஒழுங்கின்றி வெளியே பழைய பேப்பர் கடையில் போட்டேன். முழுமனதோடு வேலையிலிருந்து விலகுகிறேன்.*

முதல் சொல்லே 'கீழே'. பேனா தானாக இறங்கப் பார்த்தது. நிறுத்தினேன். பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் சிறியதாக முடித்தேன். பிறகு ஒவ்வொரு ழகரத்துக்கும் முன்னால் ஒரு நொடி நின்றேன். மற்ற எழுத்துகளையும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தேன். கோபால் சார் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கங்கம்மாக்கா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிச்சுக் காட்டும்மா" என்றார் சார். படித்தேன். குரல் சரியாகத்தான் வந்தது.

"முழு மனசாமே" என்று சிரித்த அக்கா, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார். அது ஒன்றுதான் அவருக்கு எழுத வரும்.

மறுநாள் யாரையும் தமிழ் எழுதச் சொல்லவில்லை. பழி போட ஆள் கிடைத்துவிட்டதே. என் கடிதத்தைத் தூக்கிக் காட்டி, "எழுத்துன்னா இப்படி இருக்கணும்" என்றார் கோபால் சார்.

அந்த வாரமே தொடரின் பாணியை மாற்றினேன். பேனா இல்லை, தாள் இல்லை. போனில் விரலால் வரைந்தேன். பின்னணி சுத்தமான வெள்ளை. கோடுகள் ஒரே கனம். மூக்குகள் கூர்மையாகின. வசனத்துக்கு செயலியிலேயே இருந்த எழுத்துருவைப் போட்டேன். அதில் ழகரத்துக்கு வால் இல்லை.

'ஆள் மாறிட்டீங்களா அண்ணா?' என்று கேட்டார்கள். 'கை எங்க போச்சு?' 'மெஷின்ல போட்டு எடுத்தியா?' சட்டை போட்டவர் ஒன்றும் சொல்லாமல் விலகினார். அவர் பெயரைத் தேடிப் பார்த்துத்தான் தெரிந்தது.

பெருக்கும் பெண் மட்டும் புதிய கோட்டில் வரவில்லை. எப்படிப் போட்டாலும் கங்கம்மாக்காவாகவே வந்தாள். அந்த ஆறு படங்களும் இன்னும் லேப் போர்டில் இருந்தன. அறுபத்து நான்காம் பகுதியில் அவளைக் கூரை இல்லாத இடத்தில் மழையில் மாட்டவிட்டேன். இரண்டே கட்டங்கள். முதலாவதில் துடைப்பம் நின்றது, இரண்டாவதில் கிடந்தது.

அதுவரை எந்தப் பகுதிக்கும் அவ்வளவு பேர் எழுதியதில்லை. 'கொடூரன்யா நீ' என்று இதயம் போட்டார்கள். புதிதாக ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பழைய பாணியைப் பற்றிக் கேட்பது அத்தோடு நின்றது.

பழைய தாள்கள் அறுபத்தொன்றையும் சாப்பாட்டுப் பையில் கொண்டுபோய் லேப் மெஷினில் போட்டேன். கோபால் சார் பார்த்துவிட்டார்.

"பரவால்லியே, நீயே கிழிக்கிறியே. இந்தப் பொறுப்பு வேற எவனுக்கும் இல்ல."

இரண்டு மாதம் கழித்து, சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் பொன்னேரிக்கு ரயிலுக்காக உட்கார்ந்திருந்தேன். கங்கம்மாக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கை முட்டிவரை வெளுத்து ஊறியிருந்தது.

"வடக்கத்திப் பசங்க மெஸ்ல பாத்திரம் தேய்க்கிறேன் பாப்பா. நீ நல்லா கீறியா? கதை போய்க்கினு கீதா?"

"போகுதுக்கா."

"நான் இன்னா பண்றேன் அதுல?"

ரயில் வரும் பக்கம் பார்த்தேன். "செத்துட்டீங்கக்கா."

"அட!" என்றார். பிறகு சிரித்தார். "எப்பிடி?"

"மழையில."

"செரி, போ. எனுக்கு அந்தப் பழைய படம் ஒண்ணு குடேன். பல்லு போன மாதிரி போட்டியே. ஊட்ல மாட்டிக்கிறேன்."

"இல்லக்கா. கிழிச்சிட்டேன்."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தையும்."

அக்கா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே தாள்கள். நாற்பது இருக்கும். "உனுக்குன்னு சேத்து வெச்சது. ஊட்லயே நின்னு போச்சு. இதுல ஒண்ணு இப்போ வரையேன்."

மேல் தாளை எடுத்து முழங்கால் மேல் வைத்தேன். பேனா கொடுத்தார். நீல பால்பாயிண்ட். வரைந்தேன். ஒரே கனத்தில் கோடு, கூர்மையான மூக்கு, வரிசையாகப் பல். அப்படித்தான் வரைய வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

வாங்கிப் பார்த்தார்.

"இது யாரு?"

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அன்னிக்கு லெட்டர் எழுதச் சொல்லவும் உன் கை இப்பிடித்தான் நின்னு நின்னு போச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. படத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார்.

ரயில் வெளிச்சம் தெரிந்தது. பிளாஸ்டிக் கவரை என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"அதையும் குடுத்துடுங்கக்கா" என்றேன். "பின்னால ஹீட் நம்பர் இருக்கு."

அக்கா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நீண்ட நேரம். படத்தை எடுத்துப் பிரித்து, நம்பர் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி மடித்துக் கொடுத்தார்.