கொல்லைப்பக்கம்

"கொல்லப்பக்கமா வாடி," என்றாள் அழகம்மாள்.

செவந்தி தலைவாசல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். வெள்ளைச் சேலை, கையில் கவர்மெண்டு கொடுத்த பை. பின்கட்டு அறையில் அழகம்மாளின் மகள் ராசாத்தி விடிந்ததிலிருந்து தலைப்பிரசவ வலியில் அலறிக்கொண்டிருந்தாள். நர்சு இல்லாமல் பிரசவம் பார்க்கக்கூடாது என்று சம்பந்தி வீட்டார் சொல்லியனுப்பியதால்தான் செவந்திக்கு ஆள் போனது.

"நான் கவர்மெண்டு நர்சு. இப்படித்தான் வருவேன்."

"எந்த நர்சா இருந்தா என்ன, மூக்காயி மகதானே நீ? ஒங்காத்தா நாப்பது வருசமா கொல்லப்பக்கமா வரலியா? இப்பவும் அங்கிட்டு வந்துதான் உள்ள இருக்கா."

செவந்திக்கு முகம் எரிந்தது. மூக்காயி அந்த ஊர் நாவிதர் வீட்டுப் பெண். அன்னவாசலைச் சுற்றி நாலு ஊருக்கு மருத்துவச்சி. ஊரில் நடமாடுகிறவர்களில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். ஆனாலும் பிள்ளையை எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் வெளியேறியதும் அவள் நடந்த தடத்தில் சாணித் தண்ணீர் விழும். சுளகில் நெல்லைக் கொண்டுவந்து எட்ட நின்று கொட்டுவார்கள். அவளும் முந்தானையில் ஏந்திக்கொண்டு, "மகராசியா இருங்க தாயி," என்று கும்பிடுவாள். தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்து ஆறு வருஷமாகியிருந்தது. அதுவும் அந்த வீட்டுக்குக் கொல்லைப்பக்கமாகத்தான் வந்திருக்க வேண்டும்.

பதினாலு வயதுவரை ஆத்தாளின் கூடையைச் சுமந்துகொண்டு பின்னால் போன செவந்தி, ஒருநாள் அதைக் கீழே வைத்துவிட்டாள். ஆத்தா சூடு சொரணை இல்லாத பொம்பளை என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். படித்து, புதுக்கோட்டையில் பயிற்சி முடித்து, சொந்த ஊர் தாய்சேய் நல விடுதிக்கே வேலையாகி வந்த பிறகும் அந்தத் தீர்மானம் மாறவில்லை.

"அப்ப அவள வச்சே பாத்துக்கங்க," என்று செவந்தி காலைப் பின்னுக்கு எடுத்தாள். உள்ளே ராசாத்தி மறுபடியும் அலறினாள். போகவும் மனமில்லை, புகவும் வழியில்லை.

அந்த நேரத்தில் பின்கட்டுக் கதவு திறந்தது. முழங்கை வரை ரத்தமும் விளக்கெண்ணெயுமாக மூக்காயி வந்தாள். கொல்லைப்பக்கம் திரும்பாமல், நெல் மூட்டைகளையும் சாமி படத்தையும் கடந்து, நடுவீட்டின் வழியாக நேரே தலைவாசலுக்கு வந்து நின்றாள். நாற்பது வருஷத்தில் அந்த இடத்தை அவள் மிதித்ததில்லை.

அழகம்மாள் சுவரோடு ஒண்டினாள். "ஏ மூக்காயி, என்ன காரியம் செஞ்சுட்ட?"

"புள்ளைக்குக் காலு முன்னால வருது தாயி. எனக்குக் கை ஓடல. ஆஸ்பத்திரியில படிச்சவளுக்குத்தான் அது தெரியும். அவள இப்படியே விடுங்க."

"கொல்லப்பக்கமா வரட்டும்னுதானே சொல்றேன்."

"இனி எதுக்குத் தாயி? நடுவீட்ட நான் மிதிச்சாச்சு. எப்படியும் கழுவத்தான் போறீங்க. ரெண்டு பேருக்கும் சேத்துக் கழுவிக்கங்க."

அழகம்மாள் ஒதுங்கினாள். செவந்தி தலைவாசல் வழியாக உள்ளே ஓடினாள்.

கையைக் கழுவிக்கொண்டு ராசாத்தியின் அருகில் உட்கார்ந்து பார்த்தவள் திகைத்துப் போனாள். வந்துகொண்டிருந்தது தலைதான். கறுகறுவென்று முடி தெரிந்தது. ஒரு சிக்கலும் இல்லை. மூக்காயியே கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடக்கூடிய பிள்ளை. நாற்பது வருஷம் பிள்ளை எடுத்தவளுக்குத் தலைக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாமலா போகும்?

செவந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னத்தப் பாக்குற? பிடி," என்றாள் மூக்காயி மெதுவாக.

ஆண் பிள்ளை. பிள்ளையின் நாக்கில் முதல் சேனைத்தண்ணி தொட்டு வைக்க நல்ல கையாக வேண்டும் என்று அழகம்மாள் தன் அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள்.

கொல்லையில் வழக்கம்போல் சுளகு நெல்லோடு காத்திருந்தது. மூக்காயி கூடையை எடுத்துக்கொண்டு, வந்த வழியே நடுவீட்டைக் கடந்து தெருவில் இறங்கினாள். செவந்தி பின்னாலேயே வந்தாள்.

"தலைதானே வந்துச்சு? ஏன் ஆத்தா பொய் சொன்ன?"

"சொல்லலேன்னா, அந்தப் பொண்ணு கத்துன கத்துல நீயே கொல்லப்பக்கமா வந்திருப்ப. ஒன்னைய எனக்குத் தெரியாதா? ஒருதடவ வந்துட்டா அப்புறம் அதுதான் ஒனக்கும் வழி."

"இனி ஒரு வீட்டுலயும் ஒன்னையக் கூப்பிட மாட்டாங்களே."

"கூப்பிடலேன்னா போகுது. அந்த நெல்லுதான் ஒன்னையப் படிக்க வச்சது. அதுக்குத்தான் குனிஞ்சேன். ஒனக்குச் சம்பளம் வந்தாச்சு, இனி எதுக்குக் குனியணும்?"

 செவந்தி கேட்காமலே ஆத்தாளின் கூடையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பின்னால் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

மூக்காயி திரும்பிப் பார்க்கவில்லை. "இத்தனை வருசமா கொல்லையத்தான் கழுவுனாங்க. இன்னக்கி நடுவீட்டக் கழுவட்டும்."

மறுநாள் பிள்ளையைக் குளிப்பாட்ட இலுப்பூரிலிருந்து வேறொரு மருத்துவச்சியை வண்டி கட்டிக் கூட்டி வந்தார்கள். வண்டியை விட்டு இறங்கியவள், யாரும் சொல்லாமலே கொல்லைப்பக்கம் நடந்தாள்.