முனைத் துண்டுகள்

கறுப்புக் காப்பியில் நனைத்த பிஸ்காட்டித் துண்டை மென்றுகொண்டிருந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்புள்ள கலா, இன்னிக்கு அதப் போடலையா?"

எதை என்று நான் கேட்கவில்லை. கேட்காததிலேயே என் கணவர் மாரியப்பனுக்குப் பதில் கிடைத்திருக்கும். மகள் பவித்ராவின் தலையில் இருந்த சீப்பு அப்படியே நின்றது.

ஏற்காடு டவுனில் நந்தினி மேடத்தின் காப்பிக் கடையில் பிஸ்காட்டி என்ற இத்தாலி பிஸ்கட் சுடுவது என் வேலை. மாவைக் கட்டையாக உருட்டிச் சுட்டு, ஆறவைத்து, சாய்வாக நறுக்கி மறுபடியும் சுட வேண்டும். கல் மாதிரி இருக்கும். எதிலாவது முக்கினால்தான் பல்லுக்கு வழிவிடும். கட்டையின் இரண்டு முனைகளும் கோணலாக வரும். அவற்றைத் தட்டில் வைக்க முடியாது என்பதால் எனக்குக் கொடுத்துவிடுவார்கள். டப்பாவில் போட்டு எங்கள் ஊர் தலைச்சோலைக்குக் கொண்டுவருவேன். காலையில் எஸ்டேட் ஜீப்பை எடுக்கும் முன்பு மாரியப்பனுக்கு ஒரு டம்ளர் காப்பி, இரண்டு முனைத் துண்டு. குடியை விட்ட பிறகு எதையாவது கடித்துக்கொண்டிருக்க வேண்டும் அவருக்கு.

போன மாதம் மேடம், இத்தாலியில் இதை இனிப்பு ஒயினில் முக்கித்தான் சாப்பிடுவார்கள் என்றார். கடையில் ஒயின் கொடுக்க முடியாது, ருசியை மாவுக்குள்ளேயே சேர்த்துவிடலாம் என்று, பக்கத்துக் கடை மரியஜோசப் அண்ணன் கிறிஸ்துமசுக்கு வீட்டில் போட்ட ஒயினில் ஒரு பாட்டில் வாங்கிவந்தார். சூட்டில் எல்லாம் பறந்துவிடும் என்றும் சொன்னார். நானும் நம்பினேன். நம்பினேனா? அன்று வீட்டில் டப்பாவைத் திறந்தபோது மூக்கில் ஏறிய வாசனைக்குச் சட்டென்று மூடியது நினைவிருக்கிறது. ஆனாலும் எடுத்து வைத்தேன். வாசனையைப் பற்றிச் சொன்னால் குடிப் பேச்சு மறுபடியும் எங்களுக்கு நடுவில் வந்து உட்காரும். மூன்று வருடம் அது இல்லாமல் இருந்து பழகிவிட்டது எனக்கு. நேற்று பாட்டில் தீர்ந்துபோய், ஆரஞ்சுத் தோல் மட்டும் போட்டுச் சுட்டிருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் குடித்துவிட்டு வெள்ளக்கடை வளைவில் வண்டியோடு விழுந்தார். பின்னால் பவித்ரா இருந்தாள். அவளுக்கு இடது முழங்கை இன்னும் முழுசாக மடங்காது. பதின்மூன்று வயதாகியும் ஜடை பின்ன நான்தான் வேண்டும். விழுந்த அந்த வாரமே அவர் மலைக்கோயிலுக்குப் போய், இனிக் குடிப்பதில்லை என்று மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார். ஒரு சொட்டு நாக்கில் பட்டாலும் தன் கையாலேயே அவிழ்த்துவிட வேண்டும். அதை யாரும் வந்து சோதிக்கமாட்டார்கள்.

"ஏம்மா, பின்னறயா, தூங்கறயா?" என்றாள் பவித்ரா. ஒரு ஜடையை ஏனோதானோவென்று முடித்து, ஜீப்புக்குப் போ என்று அவளை அனுப்பினேன். தினமும் அவர்தான் அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார்.

"உங்களுக்குத் தெரியுங்களா?"

"மொத நாளே தெரியும். மூக்கு செத்தா போச்சு?"

"அப்பறம் எதுக்குங்க தின்னீங்க?"

"எடுத்து வெச்சது நீயி. என்னைய சோதிச்சுப் பாக்கறயாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்." டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ரெண்டாம் நாளு அப்படி நெனைக்கல. எப்படா விடியும்னு முழிச்சுக் கெடந்தேன்."

பக்கத்திலேயேதான் படுத்திருந்தேன். அவர் புரண்டு புரண்டு படுத்தது தெரியும். குளிர் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன். பதினெட்டு நாள் என் கையால் எடுத்து வைத்திருக்கிறேன். நன்றாக ஊறட்டும் என்று காப்பியைக் கொதிக்கக் கொதிக்க வைத்து.

"வெளிய எங்கயாச்சும் குடிச்சீங்களா?"

அவர் ஸ்வெட்டர் கையை மேலே தள்ளிவிட்டு, பையிலிருந்து ஜீப் சாவியை எடுத்து எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார். மணிக்கட்டைச் சுற்றி, கயிறு இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு கோடு மட்டும் இருந்தது. சாவியின் வளையத்தில் அவர் அவிழ்த்த மஞ்சள் கயிறு, முடிச்சு முடிச்சாக இறுக்கிக் கட்டியிருந்தது.

வெளியே பவித்ரா ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஹாரன், ஒரு தடவை. அவளை ஏற்றிப்போக வேண்டிய சாவியை அவர் எடுக்கவில்லை. நானும் கை நீட்டவில்லை. டம்ளருக்குள் இரண்டாவது துண்டு ஊறி உப்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக அடியில் இறங்கியது.